சேர் ஜோன் பிரைஸ்: வேல்ஸ் மொழியை அச்சேற்றிய வழக்கறிஞர்

1546ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு சிறு நூல் வெளிப்போந்தது. தாள்கள் மிகச் சிலவே. தலைப்பென்று தனியே ஒன்றும் அதற்கு அமைந்திலது. முதற் பக்கத்தின் தொடக்கச் சொற்கள் 'இந்த நூலிலே' என்று பொருள்படுவன. அச்சொற்களையே பின்வந்தோர் நூலுக்குப் பெயராக வழங்கலாயினர். ஓர் அரிச்சுவடி, ஒரு நாட்காட்டி, கிறித்தவ சமயத்தார் நாள்தோறும் ஓதும் செபங்கள், பத்துக் கற்பனைகள், கைக்கொள்ள வேண்டிய நற்குணங்கள், விலக்க வேண்டிய பாவங்கள் என்னும் இவையே அதன் உள்ளுறை. புலவர் எவரும் வியந்து பாராட்டத்தக்க காவியமன்று அது. ஆயினும் வேல்ஸ் நாட்டு மக்களின் தாய்மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுவே.

அந்நூல் வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகளின் முன்னர், 1536இல், இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. வேல்ஸ் நாட்டு நீதிமன்றங்களின் நடவடிக்கை யாவும் ஆங்கிலத்திலேயே நிகழ்தல் வேண்டும். வேல்ஸ் மொழியை மாத்திரம் வழங்கும் எவரும் அரசாங்கப் பதவியோ அதற்குரிய ஊதியமோ பெறுதல் கூடாது என்று அச்சட்டம் விதித்தது. நூலை வெளியிட்டவர் இச்சட்டத்தை எதிர்த்து நின்ற தேசாபிமானி என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. வேல்ஸ் நாட்டை ஆண்ட ஆட்சிச் சபையின் காரியதரிசியே அவர். சேர் ஜோன் பிரைஸ் என்பது அவர் பெயர். ஒரு கையால் அரசனுடைய ஆங்கிலக் கட்டளைகளை எழுதியவர் மறு கையால் தம் மொழிக்கு அரிச்சுவடி எழுதிய வரலாறு அறியத்தக்கது.

முதலில் அவர் பெயரைப் பற்றி ஒரு சொல். வேல்ஸ் நாட்டார்க்கு அக்காலத்தில் குடும்பப் பெயர் என்பதொன்று இல்லை. தந்தையின் பெயரோடு 'அப்' என்னும் சொல்லைச் சேர்த்து இன்னார் மகன் இன்னார் என்றே வழங்குவர். ரைஸ் என்பாரின் மகனாதலால் இவர் 'ஜோன் அப் ரைஸ்'. ஆங்கிலேய எழுத்தர்கள் இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கி 'பிரைஸ்' என்றனர். அவ்வாறே 'அப் ஹவெல்' என்பது 'பவெல்' ஆயிற்று. பழைய கடிதங்களில் நம் சரித்திர நாயகரின் பெயர் இருவகையாகவும் காணப்படுகிறது. அவர் ஊராகிய பிரெக்கனிலேயே பிறந்து, ஒக்ஸ்போட்டில் ஜீசஸ் கல்லூரி 1571இல் நிறுவப்படக் காரணராயிருந்த ஹியூ பிரைஸ் என்பவர் வேறொருவர். இருவரையும் ஒருவராகக் கொண்டு மயங்குதல் கூடாது.

ஜோன் பிரைஸ் பிறந்தது ஏறக்குறைய 1502ஆம் ஆண்டில். அப்பொழுது இங்கிலாந்தின் சிங்காசனத்தில் இருந்தவன் தியூடர் வமிசத்து முதல் மன்னனாகிய ஏழாம் ஹென்றி. அவனுடைய பாட்டன் வேல்ஸ் நாட்டவன். 1485இல் அவன் பிரான்சு தேசத்திலிருந்து கடல் கடந்து வந்து இறங்கியதும் வேல்ஸ் நாட்டுக் கரையிலேயே. செந்நிறப் பறவைநாகக் கொடியை உயர்த்திப் போர்க்களம் புகுந்து முடிசூடிய அவனைத் தங்கள் பழம்பாடகர் பாடிவைத்த மீட்பன் என்றே வேல்ஸ் மக்கள் கருதினர். தன் தலைமகனுக்கு அவன் ஆர்தர் என்று பெயரிட்டபோது அவர்கள் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அதற்கு முன்னர், ஓவன் கிளின்டூர் என்னும் தலைவன் செய்த கிளர்ச்சியை ஒட்டி விதிக்கப்பட்ட தண்டச் சட்டங்கள் அவர்களை நெடுங்காலம் ஒடுக்கிவைத்திருந்தன. அரண் சூழ்ந்த ஆங்கில நகரங்களில் நிலம் வாங்குதலும் பதவி வகித்தலும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. தியூடர் மன்னர் காலத்திலே இக்கதவுகள் மெல்லத் திறந்தன. கல்வியும் ஊக்கமும் உடைய வேல்ஸ் இளைஞர் பலர் இலண்டனை நோக்கிச் சென்றனர். அவர்களுள் ஒருவரே பிரைஸ். ஒக்ஸ்போட்டில் சட்டம் பயின்று, பின் இலண்டனில் மிடில் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் கழகத்தைச் சேர்ந்து, பிரசித்த நொத்தாரிசு ஆயினார்.

அக்காலத்தில் எட்டாம் ஹென்றியின் வலக்கையாய் விளங்கியவன் தோமஸ் குரொம்வெல். பிரைஸ் 1530ஆம் ஆண்டளவில் அவனுடைய பணியில் அமர்ந்தார். 1534இல் அவன் மனைவியின் பெறாமகளாகிய ஜோன் வில்லியம்சன் என்னும் பெண்ணை மணந்து உறவினரும் ஆயினார். உறவு பெரிது, அதற்கு அவர் செலுத்த வேண்டியிருந்த விலையும் பெரிது. பாப்பரசரின் அதிகாரத்தை உதறி, திருச்சபைக்குத் தானே தலைவன் என்று அரசன் அறிவித்த காலம் அது. அதற்கு உடன்படாத மேற்றிராணியார் ஜோன் பிஷரும், முன்னாளில் தலைமை மந்திரியாயிருந்த சேர் தோமஸ் மோரும் இலண்டன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1535ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்களை அரசனுடைய ஆட்கள் வினாவியபோது, வினாவையும் விடையையும் நொத்தாரிசாகவிருந்து பதிந்தவர் பிரைஸ். சில கிழமைக்குள் இருவரும் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருக்கு வேறொரு பணி வந்தது. நாட்டிலுள்ள துறவி மடங்களைச் சென்று பார்வையிட்டு, அவற்றின் ஒழுக்கத்தையும் வருமானத்தையும் குறித்து அறிக்கை செய்யும்படி குரொம்வெல் சிலரை அனுப்பினான். தோமஸ் லீ என்னும் சட்ட வல்லுநரோடு பிரைஸும் புறப்பட்டார். அப்பிரயாணத்தில் அவர் குரொம்வெலுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. மனிதரை அறிய அவர் கடிதங்களைப் போல் உதவுவன வேறில்லை.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் பெருமடத்தில் யாத்திரிகர் வணங்கிவந்த திருப்பண்டங்களை அவர் ஏளனத்தோடு அடுக்கிக் காட்டுகிறார். பரிசுத்த எட்மண்டின் நகத் துண்டுகள், பரிசுத்த லோரன்ஸை வாட்டிய கரிகள், கன்டர்பரித் தோமஸின் பேனாக் கத்தியும் சப்பாத்துகளும், தலைவலி தீர்க்கும் மண்டையோடுகள், ஒன்று சேர்த்தால் ஒரு முழுச் சிலுவையே ஆகத்தக்க அளவு சிலுவைத் துண்டுகள் என்று அப்பட்டியல் செல்கிறது. அம்மடத்துத் துறவியரிடம் குற்றம் தேடி வினாவினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லையாதலால் முன்கூட்டியே தம்முள் சதி செய்து வாயடைத்துக் கொண்டனர் என்று எழுதிவிட்டார். குற்றமிருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்னும் இந்நியாயம் அப்பார்வையாளர்களின் அறிக்கைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் காட்டப் போதுமானது.

ஆயினும் அதே பேனா லேகொக் என்னும் கன்னியர் மடத்தைப் பற்றி வேறுவிதமாக எழுதியது. அங்கே குறிப்பிடத்தக்க குற்றமெதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிரைஸ், அக்கன்னியரின் ஒழுங்கு விதிகள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருப்பதையும், அவற்றை அவர்கள் நன்கு விளங்கிக்கொள்வதையும் வியப்போடு குறிக்கிறார். அது அக்காலத்துப் பேச்சுப் பிரெஞ்சன்று. இங்கிலாந்தின் பழைய சட்ட நூல்களில் வழங்கும் பிரெஞ்சைப் போன்றது என்று நுட்பமாகப் பிரித்தறிகிறார். சொத்துக் கணக்கெடுக்கச் சென்ற அதிகாரிக்கு இது வேண்டாத வேலை. மொழியின் பழமையில் இயற்கையாகவே ஈடுபாடு கொண்ட ஒருவர்க்கன்றி இது கண்ணிற் படாது.

தம் தோழர் லீயைப் பற்றியும் அவர் முறையிட நேர்ந்தது. பட்டாடையும் பரிவாரமுமாய்ச் சென்று மடத்துத் தலைவர்களை அதட்டி அச்சுறுத்தும் லீயின் செருக்கை 1535 ஒக்டோபர் மாதத்தில் குரொம்வெலுக்கு எழுதினார். எழுதிய கையோடு, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும், லீக்கு வேண்டிய முரடர்களால் தமக்கு உயிராபத்து நேரலாம் என்றும் மன்றாடினார். லீயைத் திடீரென நீக்கினால் நியமித்தவருக்கே இழிவாகும், எச்சரித்தல் போதும் என்று யோசனையும் சொன்னார். வீரரென்று அவரைப் புகழ இடமில்லை. காற்று வீசும் திசையறிந்து வளையும் நாணலாகவே வாழ்நாள் முழுதும் இருந்தார். 1540 ஜூலையில் குரொம்வெல்லின் தலை உருண்டபோதும் இவருக்கு ஒரு கேடும் நேரவில்லை. செப்டம்பரிலே புதிய பதவியொன்றும் கிடைத்தது.

1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் இருந்த மடங்கள் யாவும் கலைக்கப்பட்டன. நிலங்கள் அரசனுக்காயின, அரசனிடமிருந்து அடியார்கள் வாங்கினர். பிரைஸும் வாங்கினார். தாம் பிறந்த ஊரிலிருந்த பிரெக்கன் மடத்தை முதலிற் குத்தகைக்கும் பின் விலைக்கும் கொண்டார். ஹெரிபோர்ட் நகரத்துப் பரிசுத்த குத்லாக் மடத்தையும் பெற்று அங்கே குடியேறினார். கலைத்தவரே வாங்கினார் என்னும் பழி அவரை விட்டு நீங்காது, நீங்க வேண்டியதுமில்லை.

ஆனால் மடங்களில் நிலமும் ஈயக் கூரையும் வெள்ளிப் பாத்திரமும் மாத்திரமா இருந்தன? நூற்றாண்டுகளாகத் துறவிகள் தோலில் எழுதிக் காத்துவந்த சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றிற்கு விலையில்லை. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டவும், விளக்குத் தண்டு துலக்கவும், சப்பாத்துத் துடைக்கவும் அவை விற்கப்பட்டன என்று, மடங்களை வெறுத்த ஜோன் பேல் என்பவரே மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த அழிவின் நடுவே பிரைஸ் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பார்வையாளராய்ச் சென்ற மடங்களிலும், தாம் குடியிருந்த எல்லைப்புற நாட்டைச் சூழ்ந்த மடங்களிலும் இருந்த பழஞ்சுவடிகள் அவர் கைக்கு வந்தன. சமய நூல்களோடு நில்லாமல், பழைய சரித்திர நூல்களையும் வேல்ஸ் மொழி ஏடுகளையும் அவர் பெரிதும் விரும்பினார். அவற்றுள் தலைசிறந்தது 'கார்மார்தன் கரும்புத்தகம்' எனப்படுவது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அச்சுவடி, முழுவதும் வேல்ஸ் மொழியில் அமைந்து இன்று எஞ்சியுள்ள கவிதைச் சுவடிகளுள் மிகப் பழமையானது. கார்மார்தன் மடத்துக்குரியதாயிருந்த அதனைப் பரிசுத்த தாவீது பேராலயத்துப் பொக்கிஷ அதிகாரி ஒருவர் பிரைஸுக்குக் கொடுத்தார்.

இனி 1536ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். அதன் மொழிப் பிரிவை மாத்திரம் பார்த்து அச்சட்டத்தை அளப்பது பொருந்தாது. எல்லைப்புறப் பிரபுக்கள் தத்தம் நாட்டில் குட்டி அரசர்களாய் நீதி செலுத்திய முறை அதனால் ஒழிந்தது. புதிய கோட்டங்கள் அமைந்தன. பிரெக்கன் அவற்றுள் ஒன்று. வேல்ஸ் நாட்டார் ஆங்கிலேயரோடு சமமான சட்ட உரிமை பெற்றனர். 1542 முதல் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1543இல் வந்த இரண்டாஞ் சட்டம் நீதிமன்ற ஒழுங்கை நிறைவாக்கியதோடு, இலட்லோ நகரில் இருந்து ஆண்ட வேல்ஸ் ஆட்சிச் சபைக்குச் சட்டத்தின் ஆதாரத்தையும் அளித்தது. அச்சபையின் காரியதரிசிப் பதவியே பிரைஸ் 1540இல் பெற்று, இறக்கும்வரை வகித்தது. தண்டச் சட்டங்களின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்த அவருக்கு இவ்வுரிமைகள் கிடைத்தற்கரிய பேறாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

அப்பேற்றின் விலையை ஏழை எளியவரே செலுத்தினர். குடியானவர் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தன் நிலத்துக்காக வழக்காடுபவனும், தன் உயிருக்காக நிற்கும் கைதியும் நீதிபதி பேசுவதை விளங்காமல் நின்றனர். மொழிபெயர்ப்பாளன் சொன்னதே சாட்சியாய்ப் பதிவு பெற்றது. பதவி விரும்பிய பெருங்குடியினர் தம் பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க வைத்தனர். பழம்பாடகரை ஆதரித்த வீடுகளில் நாளடைவில் பாட்டுக் கேட்பார் குறைந்தனர். அம்மொழிப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 1942ஆம் ஆண்டில். அதாவது நானூற்றாறு ஆண்டுகளின் பின்னர்.

இவற்றையெல்லாம் தம் மேசையிலிருந்தே கண்டவர் பிரைஸ். 1546இல் வெளியிட்ட நூலின் முகவுரையில் அவர் கூறும் காரணம் தெளிவானது. வேல்ஸ் மக்களிற் பலர் தம் மொழியை வாசிக்க வல்லவர்கள். ஆனால் ஆங்கிலமோ இலத்தீனோ ஒரு சொல்லும் அறியார். கற்பிக்க வேண்டிய குருமாருள் பலர் கற்பிக்க இயலாதவர், அல்லது மனமில்லாதவர். அச்சு என்னும் வரத்தை இறைவன் அளித்திருக்கும்போது பிறர் அடையும் நன்மையை இம்மக்கள் மாத்திரம் இழத்தல் தகாது. அரசன் தன் குடிகளின் ஆன்ம நலத்தை விரும்புகிறவனாதலால் இது அவனுக்கும் உவப்பானதே என்பதையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். அரசன் பெயரைக் கேடயமாகப் பிடிப்பதில் அந்த வழக்கறிஞரின் கை தெரிகிறது. நீதிமன்றத்தில் வேல்ஸ் மொழி கூடாதென்று சட்டம் சொல்லிற்று. வீட்டிலும் செபத்திலும் புத்தகத்திலும் கூடாதென்று சொல்லவில்லை. சட்டம் சொல்லாது விட்ட அவ்விடைவெளியே அவருக்குப் போதுமான வாயிலாயிற்று.

அச்சேற்றுதலும் எளிதாயிருக்கவில்லை. வேல்ஸ் மொழியில் நாவின் நுனியை மேற்பல்லின் அடியில் ஊன்றிப் பக்கவாட்டில் மூச்சைச் சீறவிட்டு ஒலிக்கும் ஓர் எழுத்துண்டு. இலத்தீன் நெடுங்கணக்கில் அதற்கு ஈடில்லை. பிரைஸ் லகர எழுத்தோடு ஹகர எழுத்தைச் சேர்த்து அவ்வொலியைக் காட்டினார். பிற்காலத்தார் லகரத்தை இரட்டித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டனர். எழுத்தை எவ்வாறு கூட்டி வாசிப்பதென்று விளக்கமும் எழுதினார். பாவங்களையும் நற்குணங்களையும் பற்றிய பகுதியைப் புதிதாய் மொழிபெயர்க்காமல், பழைய வேல்ஸ் சுவடியிலிருந்த வாசகத்தைத் தழுவி அமைத்தார். மடங்களின் அழிவிலிருந்து தப்பிய மரபு அவ்வாறு அச்சுக்குள் புகுந்தது. மறு ஆண்டிலேயே வில்லியம் சால்ஸ்பரி என்னும் மற்றொரு சட்டம் பயின்ற அறிஞர் வேல்ஸ் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் தரும் அகராதியொன்றை வெளியிட்டார். அவரே பிறரோடு சேர்ந்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1567இலும், வில்லியம் மோர்கன் என்னும் குருவானவரின் முழு வேதாகமம் 1588இலும் அச்சேறின. நீதிமன்றம் துரத்திய மொழிக்குத் தேவாலயம் அடைக்கலமாயிற்று.

1547இல், ஆறாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தபோது, பிரைஸ் 'சேர்' பட்டம் பெற்றார். அவ்வாண்டே பிரெக்கன் கோட்டத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். கத்தோலிக்கராகிய மேரி அரசியின் ஆட்சியில் ஹெரிபோர்ட், இலட்லோ, லட்கர்ஷோல் ஆகிய தொகுதிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அங்கத்தவராயிருந்தார். மடங்களைக் கலைத்தவர் கத்தோலிக்க அரசியின் பாராளுமன்றத்திலும் இடம் பெற்றது அக்காலத்தில் அரிதான செய்தியன்று.

அவர் இறுதிக் காலம்வரை விடாது உழைத்தது வேறொரு வேலையில். பொலிடோர் வேர்ஜில் என்னும் இத்தாலிய அறிஞர் 1534இல் இங்கிலாந்தின் சரித்திரத்தை இலத்தீனில் வெளியிட்டார். திரோய் நகரத்திலிருந்து வந்த புரூட்டஸ் என்பவனே பிரித்தானியாவின் முதல் அரசன் என்னும் கதையையும், ஆர்தர் மன்னனைப் பற்றிய வியத்தகு செய்திகளையும் அவர் நம்பத்தகாதன என்று ஒதுக்கினார். இவை வேல்ஸ் மக்களின் பெருமைக்கு அடிநிலமாயிருந்த கதைகள். பிரைஸ் வெகுண்டார், ஆனால் வழக்கறிஞருக்குரிய முறையில் ஆவணங்களை அடுக்கி மறுப்பு எழுதினார். வேல்ஸ் மொழி அறியாத ஒருவர் அம்மொழியில் உள்ள சான்றுகளைப் பாராமலே தீர்ப்பளிப்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா. உரோமர் எழுதாது விட்டதனால் ஒன்று நிகழாததாகிவிடுமா என்பதும் அவர் வாதம். புரூட்டஸ் கதை கட்டுக்கதை என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரின் முடிபு. அவ்வழக்கில் இத்தாலியரே வென்றார். எனினும், ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதுவோன் அந்நாட்டு மொழியிலுள்ள ஏடுகளைக் கற்க வேண்டும் என்னும் பிரைஸின் கோரிக்கை அவ்வழக்கோடு தோற்கவில்லை. அவர் எழுதிய வேல்ஸ் நாட்டு வருணனை ஒன்றும் உண்டு. ஹம்பிரி லூயிட் என்பவர் அதனை விரித்தெழுத, டேவிட் பவெல் 1584இல் வெளியிட்ட வேல்ஸ் சரித்திரத்தின் முகப்பில் அது இடம்பெற்றது.

பிரைஸ் 1555ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஹெரிபோர்ட்டில் காலமானார். அச்சேறாதிருந்த மறுப்பு நூலை வெளியிடும் கடன் அவருடைய மகன் ரிச்சர்ட் தலையில் விழுந்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 1573இல், அவர் அதனை நிறைவேற்றினார். இறப்பதற்குச் சில நாட்களின் முன் எழுதிய மரண சாசனத்தில், தம்மிடமிருந்த சமயச் சுவடிகளை ஹெரிபோர்ட் பேராலயத்து நூல்நிலையத்துக்குச் சேர்க்குமாறு பிரைஸ் பணித்திருந்தார். மடங்களிலிருந்து புறப்பட்ட ஏடுகளிற் சில அவ்வாறு மீண்டும் ஒரு தேவாலயத்தைச் சென்றடைந்தன. வேறு பல ஒக்ஸ்போட் ஜீசஸ் கல்லூரியில் உள்ளன. கரும்புத்தகம் பல கை மாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபெரிஸ்ட்வித் நகரத்து வேல்ஸ் தேசிய நூல்நிலையத்தை அடைந்தது. 1546இல் அச்சான அந்தச் சிறு நூலில் எஞ்சிய ஒரே பிரதியும் அந்நூல்நிலையத்திலேதான் இருக்கிறது.